தண்ணீர் வளர்த்த கதை

போன டிசம்பரில் ஒரே ராத்திரியில் எங்க வீட்டில் ஏழு சாவு. பதறாதீங்க, மீன்கள்தான். ஆனால் எட்டு வயசுப் பொண்ணுகிட்ட போய் "மீன்தானேம்மா" என்று சொல்லிப் பாருங்க, அப்புறம் தெரியும்.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து அப்போது ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. எனக்கு இது ஐந்தாவது மாற்றல். தங்கமணிக்கும் பழகிவிட்டது. சின்னவளுக்குத்தான் கஷ்டம். புது ஸ்கூல், புது பாஷை, சாயங்காலம் விளையாடக் கூப்பிட ஆள் இல்லை. ஒரு மீன் தொட்டியாவது இருக்கட்டும் என்று இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பையைத் தூக்கிக் காட்டி "சென்னை மால், சாப்" என்றார் பெருமையாக. கொளத்தூரில் வளர்ந்து, ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் ரயிலேறி வந்த மீன்கள். நாங்களும் சென்னையில் ரயிலேறி வந்து இறங்கியவர்கள்தானே? சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஆரஞ்சுக் கலர் கோல்டு ஃபிஷ் ஒன்றுக்கு லட்டு என்று பேர் வைத்தாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தது. சுத்தம் சோறு போடும் இல்லையா? மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடி டேங்க் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். டிசம்பர் ராத்திரியில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். காலையில் ஏழும் மேலே மிதந்தன. லட்டு உட்பட.

ஒரு கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. எங்கே கோட்டை விட்டோம்? அப்படித்தான் மீன் தொட்டி ஃபைலையும் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டினால் முதல் பக்கம் ரோமாபுரியில் இருக்கிறது!

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பணக்காரர்களுக்குக் கடல்மீன் குளம் வெட்டுவது ஒரு பைத்தியம். லூசியஸ் லுகுல்லஸ் என்று ஒரு தளபதி. போரில் சம்பாதித்ததை எல்லாம் சாப்பாட்டிலும் தோட்டத்திலும் கொட்டியவர். நேப்பிள்ஸ் பக்கத்தில் இருந்த தன் மீன் குளங்களுக்காக ஒரு மலையையே குடைந்து கடலை உள்ளே கொண்டுவந்தார். அங்கே கட்டிய மாளிகையைவிட அந்தக் கால்வாய்க்கு அதிகம் செலவானதாக பிளினி எழுதி வைத்திருக்கிறார். அலை ஏறும்போது புதுத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது பழைய தண்ணீர் வெளியே போகும். பம்ப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது வர்ரோ என்ற விவசாய நூலாசிரியர் சொல்லும் ஒரு தகவல். லுகுல்லஸின் தம்பி மார்க்கஸுக்கும் மீன் குளங்கள் இருந்தன. அண்ணனுடையதைப் போல அவற்றில் தண்ணீர் வந்துபோக வழி இல்லை. தேங்கி நாறும் தண்ணீரில் மீன்களைக் குடிவைத்திருக்கிறார் என்று ஊரில் அவரைக் குறை சொன்னார்களாம். அண்ணன் குளத்து மீன்களுக்கோ, கோடை வந்தால் குளிர்ந்த இடத்துக்குப் போக வழி இருந்தது. வெயில் காலத்தில் ஆட்டுமந்தையை மலைக்கு ஓட்டிப்போகும் இடையர்களோடு வர்ரோ இதை ஒப்பிடுகிறார். தண்ணீர் ஓட வேண்டும், சூடு ஏறக்கூடாது. 2000 வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம். எனக்குத்தான் டிசம்பர் வரைக்கும் தெரியவில்லை. லுகுல்லஸ் இறந்த பிறகு அந்தக் குளத்து மீன்களை மட்டும் விற்றதில் 40 லட்சம் செஸ்டர்ஸ் கிடைத்ததாம். அடமானச் சொத்தாக மீன் குளத்தை ஏற்றுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் :-)

இதெல்லாம் கடலோரத்தில் மலையைக் குடையக் காசு இருந்தவர்கள் கதை. வீட்டுக்குள் கண்ணாடியில் மீன் வைப்பது வேறு பிரச்சினை. சீனாக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் குளத்திலும் பீங்கான் தொட்டியிலும் பொன்மீன் வளர்த்தார்கள். லண்டனில் 1665-ல் ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் இருந்ததை சாமுவேல் பீப்ஸ் அதிசயமாகத் தன் டைரியில் குறித்திருக்கிறார். ஆனால் கடல் பிராணிகளை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருப்பது? தினமும் புதுக் கடல்நீர் வேண்டும். கடலிலிருந்து தள்ளி இருப்பவர்கள் ஆசைப்படவே முடியாது. கடலோரத்தில் இருந்தவர்கள் முயன்றார்கள். சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் வாழ்ந்த ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1832-ல் ஆர்கோனாட் என்னும் ஓடுள்ள கணவாய் வகையை ஆராய்வதற்காகவே கண்ணாடித் தொட்டிகளை வடிவமைத்தார். தையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். வாசல் தாண்டினால் கடல் என்பதால் தண்ணீர்க் கவலை அவருக்கு அவ்வளவாக இல்லை.

கவலை லண்டனில்தான். இங்கே ஒரு வணிகவியல்காரன் கவனிக்க வேண்டிய வருஷம் 1845. அந்த வருஷம்தான் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரியை எடுத்தார்கள். கண்ணாடி மலிவானது, ரயில்பாதை கடற்கரை வரைக்கும் போனது. இரண்டும் சேர்ந்ததும் கடலை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் சாதாரண ஜனங்களுக்கும் வந்தது. பட்ஜெட்டில் ஒரு வரி எடுத்தால் எங்கெங்கே போய் முளைக்கிறது பாருங்க!

அடுத்த வருஷம், 1846. அன்னா தைன் என்ற சீமாட்டி டார்க்கி கடற்கரையில் பவள வகைப் பிராணிகள் சிலவற்றைப் பார்த்து மயங்கிப்போய், லண்டனுக்கு எடுத்து வந்துவிட்டார். வழியில் உருண்டு அடிபடாமல் இருக்க ஊசி நூலால் அவற்றை ஒரு ஸ்பாஞ்சோடு சேர்த்துத் தைத்து, ஜாடியில் கடல்நீரோடு கொண்டுவந்தாராம். ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் கடலிலிருந்து புதுத் தண்ணீர் வரவழைத்தார். எத்தனை நாளைக்கு முடியும்? பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய தண்ணீரையே திறந்த ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. நம்ம ஊர் டீக்கடையில் டீ ஆற்றுவது மாதிரி. ஒவ்வொரு தடவையும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்.

யார் ஊற்றியது? சீமாட்டி இல்லை, வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது என்று எஜமானி பின்னால் எழுதினார். அந்தப் பெண் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாளோ தெரியாது. மீன் தொட்டி உலகத்தின் முதல் ஏர் பம்ப் அவள்தான் என்பது என் கட்சி. அவள் பேர் எங்கேயும் இல்லை.

அவள் கையால் நடந்ததை இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் போவது மேல்பரப்பு வழியாக. அசையாத தண்ணீரில் மேல்பரப்பு மட்டும் ஆக்சிஜனோடு இருக்கும், அடித்தண்ணீர் மூச்சுமுட்டும். ஊற்றினால் அடி மேலே வரும், மேல் அடிக்குப் போகும். ஏர் பம்ப்பின் குமிழி தண்ணீருக்குள் ஆக்சிஜனை ஊட்டுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குமிழியிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அது அடித்தண்ணீரைத் தூக்கி மேலே கொண்டுவந்து மேல்பரப்பைக் கலக்குவதுதான் பெரிய வேலை.

அன்னா தைன் பிறகு கடற்பாசியையும் தொட்டியில் சேர்த்தார். அவருடைய பவளங்கள் மூன்று வருஷம் வாழ்ந்தன. அதே சமயத்தில் லண்டனிலேயே ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் தொட்டி, இரண்டு பொன்மீன், ஒரு நீர்ச்செடி என்று கணக்குப் போட்டார். மீன் விடும் மூச்சைச் செடி எடுக்கும், செடி விடுவதை மீன் எடுக்கும். வரவும் செலவும் சரி. ஆனால் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டார். கணக்கு டேலி ஆனது! 1850-ல் கெமிக்கல் சொசைட்டியில் இதைப் படித்தார்.

இந்த டேலியை நம்பித்தான் அந்தப் பத்து வருஷம் இங்கிலாந்தே பைத்தியம் பிடித்து அலைந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்தார்கள். அதில் முக்கியப் பங்கு வகித்த பிலிப் ஹென்றி காஸ் அடுத்த வருஷமே எழுதிய புத்தகத்தின் தலைப்பில்தான் அக்வேரியம் என்ற வார்த்தை ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைக் குட்டைகளைச் சுரண்டிக் காலி செய்துவிட்டார்கள். காஸின் மகன் எட்மண்ட், 1907-ல் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லி வருந்துகிறார்.

வீட்டுக்கு வந்த பிராணிகளில் பெரும்பாலானவை செத்தன. வரவு செலவு சரியாகத்தானே இருந்தது? இருந்தது. ஆனால் தொட்டியை எங்கே வைத்தார்கள்? செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரத்தில். நாலு பக்கமும் கண்ணாடி. பகலில் வெயில் விழுந்து தண்ணீர் சூடாகும், பாசி படர்ந்து பச்சையாகும், ராத்திரி ஜில்லென்று ஆகிவிடும். மிருகக்காட்சிசாலை மீன் வீடும் இரும்பும் கண்ணாடியுமாக, செடி வளர்க்கும் கண்ணாடி வீடு மாதிரிதான் இருந்தது. வாரிங்டனின் பேரேட்டில் வெப்பத்துக்கு ஒரு பத்தி போட மறந்துவிட்டார்கள்.

அந்தப் பத்தியைப் போட்டவர்தான் இந்தக் கதையில் என் ஹீரோ. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். பெரிய படிப்பு இல்லை, புத்தகக் கடை வேலையில் இருந்தவர். மீன் தொட்டி மோகத்தில் சிக்கி, லண்டன் போர்ட்லண்ட் ரோட்டில் தொட்டி, கடல்நீர், பிராணி எல்லாம் விற்கும் கடை போட்டார். 1858-ல் விலைப்பட்டியலைப் புத்தகமாகவே அச்சிட்டார். மோகம் வடிந்தது, 1862-ல் மனுஷர் திவால். ஊதுபத்தி மாதிரி ஒரு தொழில் புகைந்து அணைவதை நாங்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ பார்த்திருக்கிறோம். பெரும்பாலோர் அதோடு காணாமல் போவார்கள். லாயிட் போகவில்லை. கடை நடத்திய வருஷங்களில் ஒரு விஷயத்தை அவர் கவனித்து வைத்திருந்தார்.

மெனாய் நீரிணைப் பக்கத்து எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்பவர் ஒரு தொட்டி செய்திருந்தார். பின்பக்கம் சாய்வாக ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் வெளிச்சமே படாத இருட்டறையில் கொஞ்சம் தண்ணீர். முன்னாலிருக்கும் தண்ணீரும் இருட்டுத் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருக்கும். அதனால் சூடு ஏறாது, பாசி படராது. லாயிட் இதைப் பெரிதாக யோசித்தார். இருட்டுத் தண்ணீரைத் தொட்டிக்குப் பின்னால் வைப்பதற்குப் பதிலாகத் தரைக்குக் கீழே வைத்தால்? காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிதாக வைத்தால்?

இதை நமக்கு விளக்கவே வேண்டாம். கிணறுதான். (கொசுவத்தி சுத்திக்கிறேன்.) மார்கழி விடிகாலையில் ஆச்சி வீட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக ஆவி பறக்கும். சித்திரை மத்தியானத்தில் அதே தண்ணீர் சில்லென்று இருக்கும். உண்மையில் தண்ணீர் அதிகம் மாறுவதில்லை, வெளியேதான் மாறுகிறது. தண்ணீர் நிறைய இருந்தால் சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். பூமிக்கடியில் இருந்தால் இன்னும் மெதுவாக. அந்தக் கிணற்றில் கெண்டைக் குஞ்சு விட்டிருப்பார்கள். யாரும் அதற்குத் தீனி போட்டதாகவோ தண்ணீர் மாற்றியதாகவோ எனக்கு நினைவில்லை.

லாயிட் முதலில் ஜெர்மனிக்குப் போய் 1864-ல் திறந்த ஹாம்பர்க் அக்வேரியத்தை நிறுவினார். பிறகு சொந்த ஊரே கூப்பிட்டது. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவருடைய பெரிய அக்வேரியம் திறந்தது. கீழே இருட்டில் பெரிய நீர்த்தேக்கம், மேலே வரிசையாகக் காட்சித் தொட்டிகள். நீராவி இயந்திரம் ராத்திரி பகலாகத் தண்ணீரை மேலே ஏற்றும். அது தொட்டி தொட்டியாக வழிந்து மறுபடி கீழே போகும். ஒரு இயந்திரம் நின்றால் மாற்று இயந்திரம். கடல்நீரில் உலோகம் அரித்து விஷமாகும் என்று பம்ப்பில் தண்ணீர் படும் பாகங்களைக் கெட்டி ரப்பரில் செய்ய வைத்தார். தண்ணீரை மாற்றவே வேண்டியதில்லை. பேங்க் பாஷையில் சொன்னால், காட்சித் தொட்டி கவுண்டர் கேஷ், கீழே இருப்பது பெட்டகம். கவுண்டரில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் பெட்டகம் தாங்கும்.

தான் செய்தது முழுசும் ஏன் வேலை செய்தது என்று லாயிடுக்கே தெரிந்திருக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரேட்டாக மாற்றுவது நுண்ணுயிர் வேலை என்று 1877-ல்தான் ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் காட்டினார்கள். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். அவை கல்லிலும் சுவரிலும் ஒட்டி வாழ்பவை. ஆக்சிஜன் உள்ள தண்ணீர் அவற்றின் மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் அவை பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவினானே ஒரு புத்திசாலி, அவன் அந்த ராத்திரி குளிர் அதிர்ச்சி மட்டும் கொடுக்கவில்லை, வேலைக்குச் சேர்ந்த ஊழியர்கள் அத்தனை பேரையும் டிஸ்மிஸ் செய்துவிட்டான்.

நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் கடல் ஆராய்ச்சி நிலையம் கட்டியபோது அதன் அக்வேரியத்துக்கும் லாயிட்தான் வழிகாட்டி. 1874-ல் அது திறந்தது. லுகுல்லஸ் மலையைக் குடைந்தாரே, அதே கடற்கரை வட்டாரம். லாயிட் 1880-ல் காலமானார். அவருடைய சுழற்சி முறையைத்தான் எங்கள் தொட்டியின் மூலையில் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு ஓடும் ஃபில்டரும் செய்கிறது.

நம்ம சென்னைக்கும் இதில் ஒரு வரி உண்டு. அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909-ல் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தது. அந்தக் கால மெட்ராஸ்காரர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். செத்த காலேஜ்காரர் உயிருள்ள மீனுக்கு வீடு கட்டியிருக்கிறார்! இரண்டாம் உலகப் போரின்போது அதை மூடிவிட்டார்கள். நான் பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் மெரின் டிரைவ் தாராபோர்வாலா மீன் காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். அது 1951-ல் திறந்தது. அப்போது மீனைத்தான் பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

லாயிடின் கவலை சூடு ஏறாமல் பார்ப்பது. குளிர்ப்பிரதேசத்துக் கடல் பிராணிகள் அப்படி. வெப்பநாட்டு மீன்கள் ஐரோப்பாவுக்குப் போனபோது கவலை தலைகீழானது. 1869-ல் பாரிஸில் பியர் கார்போனியே சீனாவிலிருந்து வந்த சொர்க்கமீன்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தார். அவ்வளவு தூரம் கப்பலில் அவை பிழைத்ததற்குக் காரணம், மேலே வந்து காற்றை நேராக விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு அவற்றுக்கு உண்டு. நம்ம பனையேறிக் கெண்டைக்கும் அதே ஏற்பாடு. தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி 1791-ல் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது பெரிய சர்ச்சையானது. சொர்க்கமீனுக்குப் பிறகு வந்த வெப்பநாட்டு மீன்களுக்காகத் தொட்டிக்கு அடியில் எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு எல்லாம் ஏற்றினார்கள். அப்புறம்தான் மின்சார ஹீட்டர், தெர்மோஸ்டாட்.

நாக்பூர் என்னடாவென்றால் டிசம்பரில் கார்போனியே, மே மாசத்தில் லாயிட்.

ஜனவரியில் வெறும் தொட்டியை ஓட விட்டேன். பிப்ரவரி கடைசியில்தான் மீன். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டினேன். வாரம் ஒருநாள் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுவது, அதுவும் முந்தின நாளே பிடித்து அதே அறையில் வைத்து, வெந்நீர் கொஞ்சம் கலந்து, இரண்டு தண்ணீரும் ஒரே டிகிரி காட்டிய பிறகு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவுவதில்லை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுவதோடு சரி. எங்க தொட்டி 50 லிட்டர் சொச்சம், ஃபில்டர் மணிக்கு 200 லிட்டர் தள்ளும். வாயை மேல்பரப்பை ஒட்டித் திருப்பி வைத்தால் மேலே லேசாக அலையடிக்கும், கீழே செடி ஆடாது. முதலில் நேராகக் கீழே பார்த்து வைத்திருந்தேன். கப்பிகள் பாவம், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி நாள் முழுக்க நீந்தின.

ஏப்ரலில் ஹீட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். மே முதல் வாரம் வெளியே 44. தொட்டி 32. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கொஞ்சம்தான் நிற்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கிற தண்ணீரில் 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். ஆனால் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேல் காற்றுப் படும்படி ஒரு சின்ன டேபிள் ஃபேன் வைத்தேன். மண்பானைத் தத்துவம். 29-க்கு இறங்கியது. தினமும் இரண்டு சொம்பு தண்ணீர் ஆவியாகும், ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும்.

போன வாரம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பதினொன்றரைக்குக் கையை விரித்தது. ஃபேனும் இல்லை, ஃபில்டரும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நான் செல்போனில் மின்வாரியத்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் சின்னவள் ஸ்டூல் போட்டு ஏறி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி மெதுவாகத் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்காரப் பெண்ணின் கதையை எப்போதோ சொல்லியிருந்தேன்.

"எவ்வளவு நேரம்ப்பா அந்த அக்கா ஊத்துவாங்க?"

"முக்கால் மணி நேரம்மா."

"கை வலிக்காதா அவங்களுக்கு?"

பதில் சொல்லத் தெரியாமல் இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. தங்கமணி எழுந்து வந்து, தரையெல்லாம் தண்ணீரைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மாப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.